ஹார்டு டிஸ்க்கா, கூகுள் போட்டோஸா?

மங்கலத்தில் தறி ஓட்டும் வீடானாலும் சரி, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வரும் வீடானாலும் சரி, போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. துணி சாம்பிள், நூல் பில், காதுகுத்து, நொய்யலில் வெள்ளம் வந்த நாள் எல்லாம் ஒரே குவியல். இதை ஒழுங்குபடுத்த இரண்டு வழிகள் உண்டு: ஆண்டுவாரியாக ஃபோல்டர் போட்டு ஹார்டு டிஸ்க்கில் வைப்பது, கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு வேண்டும்போது தேடி எடுப்பது.

தேடுவதில் கூகுள்தான் கெட்டி. குழந்தையின் முகத்தைத் தொட்டால் தொட்டில் முதல் பள்ளிக்கூடம் வரை வரிசையாக வந்து நிற்கும். ஆனால் 2015இல் அளவில்லாமல் இலவசமாக ஏற்றவிட்டவர்கள், 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி என்று வரம்பு கட்டிவிட்டார்கள், ஜிமெயிலும் அதற்குள்தான். பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பில் அழித்தால் போனிலிருந்தும் சேர்ந்தே போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 60 நாளுக்குள் மீட்காவிட்டால் அவ்வளவுதான்.

ஃபோல்டர் முறைக்கு உழைப்பு வேண்டும். பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர் ஒருவர் ஸ்டைல் நம்பர் போடாமல் சாம்பிளை எடுத்துவைப்பாரா? வீட்டுப் படத்துக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். '2023-02 அமுச்சி வீட்டுச் சீர்' என்று ஆண்டையும் மாதத்தையும் எண்ணில் முன்னால் போட்டால், கணினியே வரிசையாக அடுக்கிவிடும். டிஸ்க் ஒன்று போதாது. எந்த நாளும் பழுதாகலாம். இரண்டாவதைச் சொந்தக்காரர் வீட்டில் வைப்பது நல்லது.

இரண்டு முறையையும் குழப்புவது வாட்ஸ்அப். அதில் வரும் படம் எடுத்த தேதியையும் இடத்தையும் இழந்துதான் வருகிறது. கோப்பின் பெயரில் இருப்பது பெரும்பாலும் நம் போனுக்கு வந்த தேதி. 2009இல் நடந்த கல்யாணப் படம் நேற்று வந்தால் நேற்றைய படமாகவே சேரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது படத்தில் இருப்பவர் பெயர்தான். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. அத்தகைய படங்களில் பட்டும் நகையும் பின்திரையும் தெளிவாகத் தெரியும். பெயர் குறிக்கப்படாவிட்டால், உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. கூகுளில் முகத்துக்கு நாம் இடும் பெயரும் அந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறது. படக் கோப்புக்குள் ஏறுவதில்லை. ஃபோல்டரில் கோப்புக்கே வைத்த பெயர் எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே வரும்.

ஆகவே என் தீர்ப்பு ஃபோல்டருக்கே. கூகுள் தேடுவதற்கும் கூடுதல் நகலுக்கும் இருக்கட்டும். எல்லாப் படத்துக்கும் பெயர் எழுதுவது நடக்காத காரியம். ஆண்டுக்கு நூறு படம் பொறுக்குங்கள். அப்புச்சியும் அமுச்சியும் இருக்கும்போதே பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.