இளம் வயதினரைத் தாக்கும் கல்லீரல் கொழுப்பு நோய்: காரணங்களும் கண்டறியும் முறைகளும்

பங்காருபாளையம்: கல்லீரல் உயிரணுக்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு படிந்திருக்கும் நிலை கல்லீரல் கொழுப்பு நோய் எனப்படுகிறது. மது அருந்துவோருக்கு மட்டுமே வரும் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இந்நோய், மதுவைத் தொடாத இருபது, முப்பது வயதினரிடமும் இப்போது பரவலாகக் கண்டறியப்படுகிறது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டு வெளியான பகுப்பாய்வு, வயது வந்தோரில் 38.6 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது.

ஐதராபாத்தில் தகவல் தொழில்நுட்பத் துறை ஊழியர்கள் 345 பேரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வின் முடிவு இன்னும் கவலைக்குரியது. அவர்களில் 84 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பும், 71 சதவீதத்தினருக்கு உடற்பருமனும், 34 சதவீதத்தினருக்கு வளர்சிதை மாற்றக் கோளாறும் இருந்தன. ஒரே நகரின் ஒரே துறையினரைப் பற்றிய சிறிய ஆய்வு என்பதால், இதை நாட்டின் இளைஞர் அனைவருக்கும் பொருத்திப் பார்க்க இயலாது. எனினும், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் பணியின் விலை என்ன என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

சென்னை–பெங்களூரு வழித்தடத்தில், சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே அமைந்துள்ள பங்காருபாளையம் மாங்காய்ச் சந்தைக்குப் பெயர் பெற்றது. இங்கு விளையும் கிளிமூக்கு எனப்படும் தோத்தாபுரி மாங்காயின் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குச் சென்று, புட்டியிலும் காகிதப் பெட்டியிலும் அடைக்கப்பட்ட பானமாகிறது. 2025இல் விலை சரிந்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் வழங்க வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்தப் பானங்களின் விற்பனையையே இப்பகுதி உழவர்களின் வருவாய் சார்ந்துள்ளது. அதே பானங்கள்தாம் இளம் வயதினரின் கல்லீரலுக்குச் சுமையாகவும் அமைகின்றன.

இதில் பழத்தின்மீது குற்றமில்லை. முழுப் பழத்தில் நார்ச்சத்து உண்டு. அதை மென்று உண்ணும்போது வயிறும் விரைவில் நிறைகிறது. பானத்திலோ நீரும் சேர்க்கப்பட்ட சர்க்கரையுமே மிகுதி. சர்க்கரையில் பாதியளவு பிரக்டோஸ் ஆகும். குளுக்கோஸை உடலின் எல்லாத் தசைகளும் எரிக்கும்; பிரக்டோஸின் பெரும்பகுதியையோ கல்லீரலே கையாள வேண்டியுள்ளது. அளவு மீறும்போது கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காத நிலையில், வயிற்றுப் பகுதிக் கொழுப்பும் இரத்தத்தின் வழியே கல்லீரலை வந்தடைகிறது. ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவே இத்தகைய சர்க்கரை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2,000 கலோரி உணவுக்கு இது சுமார் 50 கிராம் ஆகும்.

கிராமத்தில் வாழ்வதோ ஒல்லியான உடல்வாகோ காப்பாகிவிடாது. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், 8.7 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் நான்கில் மூவரின் உடல் நிறை குறியீட்டெண் 25க்கும் குறைவு. ஆகவே எடையைவிட இடுப்புச் சுற்றளவே நல்ல அளவுகோல்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

2023இல் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் இந்நோயின் பெயரையே மாற்றின. 'மது சாராத' என்ற அடைமொழி நீக்கப்பட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்தது என்ற பொருளில் புதிய பெயர் வழங்கப்பட்டது. பரிசோதனைக் கூடங்களின் அறிக்கைகளில் மட்டும் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்ற பழைய சொல்லே தொடர்கிறது. இதில் ஒரு குழப்பமும் உண்டு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் குறிப்பிடும் 'கிரேடு' கொழுப்பின் அளவை மட்டுமே சொல்லும். கல்லீரலில் தழும்பு விழுந்துள்ளதா என்பதைச் சொல்லாது. பின்னாளில் சிரோசிஸ் வருமா என்பதைத் தீர்மானிப்பது தழும்பே. வயது, இரு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் 'ஃபிப்-4' எண் தழும்பின் வாய்ப்பை மதிப்பிட உதவுகிறது. ஆனால் 35 வயதுக்கு உட்பட்டோருக்கு இக்கணக்கு அவ்வளவு நம்பகமானதன்று. ஐயம் இருப்பின் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். நொதிகள் இயல்பளவில் இருந்தாலும் நோய் இல்லை என்று கூறிவிட முடியாது. பெரும்பாலோருக்கு வலியோ மஞ்சள் காமாலையோ தோன்றுவதுமில்லை.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் கல்லீரல் கொழுப்பு நோயை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் சேர்த்தது. திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள் 2024 செப்டம்பரில் வெளியிடப்பட்டன.

தொடக்க நிலையில் இந்நோய் மீளக்கூடியது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். அதற்கும் மேல் குறைந்தால் தழும்பும் ஓரளவு பின்வாங்கக்கூடும். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோமும் 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைடும் அனுமதி பெற்றன. இவை அழற்சியுடன் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான தழும்பு உள்ளோருக்கு உரியவை. வெறும் 'கிரேடு 1' அறிக்கையுடன் வரும் 25 வயது இளைஞருக்கு உரியவை அல்ல. கல்லீரலுக்கு நல்லது என்று நம்பி மூலிகைச் சூரணங்களைத் தாமாகவே உட்கொள்வோர், அதை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். சில மூலிகைகளே கல்லீரலைப் பாதித்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.