குவாண்டம் கணனியின் மேன்மையும் அதன் எல்லைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

குவாண்டம் கணனி என்னும் பெயர் அண்மைக்காலத்தில் விஞ்ஞான பீடத்தின் சுவர்களைத் தாண்டிக் கலைப்பீட மாணவராகிய எம்மவர் செவிகளிலும் விழத் தொடங்கியுள்ளது. சாதாரண கணனி ஒவ்வொரு வழியாகச் சென்று தேடுவதை இக்கணனி எல்லா வழிகளிலும் ஒரே வேளையிற் சென்று தேடிவிடும் என்பதே அதுபற்றிப் பரவலாக நிலவும் கருத்தாகும். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் நிரலாகவே எழுதப்படுவதால், அக்கருத்தை மறுக்கும் எல்லைகள் கவனம் பெறுவதில்லை.

இயற்கையின் நுண்ணிய நடத்தைகளைச் சாதாரண கணனியிற் போலச்செய்து காட்டுதல் மிகக் கடினம். எனவே அவ்விதிகளுக்கு அமைந்தியங்கும் பொறியே வேண்டும் என 1981 இல் றிச்சர்ட் ஃபைன்மன் எடுத்துரைத்தார். 1985 இல் டேவிட் டொய்ச் அத்தகைய பொறிக்குக் கணித வடிவம் வகுத்தார். அலன் ரியூறிங் 1936 இல் விவரித்த பொறியாற் கணிக்கவியலாத எதனையும் இப்பொறியும் கணித்துவிடாது என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆகவே கேள்வி தொடக்கமுதலே விரைவு பற்றியதாகவே இருந்தது.

1994 இல் பீற்றர் ஷோர் மிகப் பெரிய எண்களை முதன்மைக் காரணிகளாகப் பிரிக்கும் குவாண்டம் முறையொன்றை வெளியிட்டார். இரகசியக் குறிமுறைகள் பல அக்காரணிப்படுத்தலின் கடினத்தையே நம்பியிருந்தமையால் பெரும் பரபரப்பு ஏற்பட்டது. ஆயினும் ஷோரின் முறை, எண்களுள் மறைந்துள்ள ஆவர்த்தன ஒழுங்கொன்றைப் பற்றிக்கொண்டே இயங்குகின்றது. சாதாரண கணனியால் இவ்வேலை விரைவாக இயலாது என்பதும் இன்றுவரை நிறுவப்படவில்லை. இயலும் வழியொன்று அறியப்படவில்லை, அவ்வளவே. கல்வெட்டுக் கிடைக்கவில்லை என்பதற்காக அரசனே இருந்ததில்லை என முடிவுகட்டும் தவறு வரலாற்று மாணவர்க்குப் பழக்கமானதன்றோ!

ஒழுங்கேதுமற்ற பிரச்சினைகளின் நிலை யாது? வரிசைப்படுத்தப்படாத பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேடுவதாகக் கொள்வோம். 1996 இல் லவ் குறோவர் வகுத்த முறைப்படி ஏறத்தாழ ஆயிரம் வினவல்கள் போதும். அதாவது பத்து இலட்சத்தின் வர்க்கமூலம். இதனினும் கணிசமாக விரைவான முறை இருத்தல் இயலாது என்பதைப் பெனெற், பேர்ன்ஸ்ரைன், பிறசாட், வசிரானி ஆகிய நால்வர் நிறுவினர். குறோவரின் கட்டுரையே அந்நிறுவலைச் சுட்டுகின்றது. எல்லா விடைகளும் கணனியின் நிலையிற் கலந்திருப்பினும், அளந்து நோக்கும்போது கைக்கெட்டுவது ஒன்றேயாதலின், சரியான விடையின் நிகழ்தகவைப் படிப்படியாகவே உயர்த்த வேண்டியுள்ளது. அப்படிகளுக்கே காலம் செல்கின்றது.

என்னைப் பெரிதும் கவர்ந்தது 2018 ஆம் ஆண்டு நிகழ்வாகும். நுகர்வோரின் பழைய தெரிவுகளைக் கொண்டு அவர்க்கு உகந்தவற்றைப் பரிந்துரைக்கும் பிரச்சினைக்குக் கெரெனிடிஸ், பிரகாஷ் ஆகிய இருவர் 2016 இல் குவாண்டம் முறையொன்றை வெளியிட்டிருந்தனர். அறியப்பட்ட சாதாரண முறைகள் அனைத்தையும் அது வெகுவாக விஞ்சியது. சாதாரண கணனி இதனை எட்டாது என நிறுவுமாறு ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்கொற் ஆரன்சன் தம் மாணவர் ஒருவரைப் பணித்தார். பதினெட்டு வயதினரான இயுவின் ராங் என்னும் அம்மாணவர், நிறுவ முயன்று முடியாமற்போகவே, எதிர்த்திசையிற் சென்று, அதற்கு ஈடுகொடுக்கும் சாதாரண முறையொன்றையே கண்டறிந்தார். குவாண்டம் முறைக்கெனத் தரவுகளைத் தனியொரு விதமாக அடுக்கிவைத்திருந்தனர். அதே வசதியைச் சாதாரண கணனிக்கும் வழங்கியபோது வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. ஒப்பீடு நேர்மையாக நடந்ததா என்னும் வினாவை ஓர் இளங்கலை மாணவர் கேட்டதன் பயன் இது.

2019 இல் கூகிள் நிறுவனம் 53 குவாண்டம் அலகுகள் கொண்ட ‘சிக்கமோர்’ என்னும் பொறி, மீகணனிக்குப் பத்தாயிரம் ஆண்டுகள் பிடிக்கும் வேலையை 200 செக்கன்களில் முடித்ததாக அறிவித்தது. இரண்டரை நாட்களே போதும் என ஐ.பி.எம். உடனே மறுத்தது. 2022 இல் சீன ஆய்வாளர் மூவர் 512 வரைவியற் செயலிகளைக் கொண்டு ஏறத்தாழ 15 மணித்தியாலத்தில் அவ்வேலையைச் செய்து காட்டினர். 2024 இல் கூகிள் 105 அலகுகள் கொண்ட ‘வில்லோ’ சில்லைக் கொண்டு முன்னையதினும் மிகப் பெரிய இடைவெளியொன்றைக் கோரியது. அவ்விரு தடவையும் பொறிக்கு இடப்பட்ட வேலை ஒன்றே: எழுமாற்றாக அமைந்த சுற்றொன்றின் வெளியீட்டிலிருந்து மாதிரிகளைப் பெறுதல். பொறியின் ஆற்றலைச் சோதிப்பதற்கெனவே தெரிந்தெடுக்கப்பட்ட வேலை அது.