கணினியின் துபாஷிகள்

இரு வேறு மொழியினர் சந்திக்கும் இடத்தில், இருவர் மொழியும் அறிந்த மூன்றாமவன் ஒருவன் தேவைப்படுகின்றான். புதுச்சேரியில் துய்ப்ளே ஆளுநராயிருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கம்பிள்ளை. 1736இல் தொடங்கி 1761 வரை செல்லும் அவருடைய நாட்குறிப்பைப் படிப்போர், அதிகாரத்துக்கு அணுக்கமாக நிற்கும் மொழிபெயர்ப்பாளனுக்கு எத்துணைச் செல்வாக்கு உண்டு என்பதை உணர்வர். செல்வாக்குப் பெரிதாயின், அவன் தவறுமிடத்து விளையும் கேடும் பெரிதே.

கணினியினுள்ளும் இத்தகைய துபாஷிகள் உளர். பணிசெயல் முறைமைக்கு ஒவ்வோர் அச்சுப்பொறியின் மொழியும் தெரியாது. 'அச்சிடுக' என்னும் பொதுக் கட்டளையை அந்தந்தப் பொறிக்குரிய சமிக்ஞைகளாக மாற்றித் தருவது, டிரைவர் என வழங்கும் சாதனச் செலுத்தியாகும். செலுத்திகளுட் பல, முறைமையின் கருவிலேயே இயங்குவன. சாதாரண மென்பொருள் பிழைபட்டால் பெரும்பாலும் அது மட்டுமே நின்றுவிடும். கருவிலுள்ள செலுத்தி பிழைபட்டாலோ கணினி முழுவதுமே வீழ்ந்துவிடக்கூடும்.

1981 ஓகஸ்ட் மாதத்தில் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அதே மாதத்திலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியும் வெளிவந்தது. அக்காலத்தில் சொற்செயலி போன்ற மென்பொருள்கள் அச்சுப்பொறிகளுக்கான செலுத்திகளைத் தம்முடனேயே கொண்டுவந்தன. விண்டோஸ் முறைமை பரவியபின், எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக ஒரு செலுத்தி போதுமென்றாயிற்று. வசதி பெருகியது, ஒன்றின் பிழை யாவற்றையும் தாக்கும் நிலையும் உடன் வந்தது. எனவே காவல்களும் தோன்றின. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பீ, புதிய செலுத்தி ஒவ்வாதவிடத்து முன்னையதற்கு மீளும் வழியைத் தந்தது. 2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விஸ்டாவின் 64 பிற் பதிப்பு, இலத்திரனியற் கையொப்பமில்லாத செலுத்தியைக் கருவினுள் அனுமதிக்க மறுத்தது.

ஆயினும், கையொப்பம் ஆளை அறிவிக்குமேயன்றிச் செயலின் செம்மைக்கு உறுதியளிக்காது. 2024 யூலை 19இல் நிகழ்ந்தது இதற்குச் சான்று. கிறவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், சாதனமெதனையும் இயக்காவிடினும், செலுத்தியின் வடிவிற் கருவினுள் இயங்குவது. அன்று அனுப்பப்பட்ட தரவுக் கோப்பு 21ஆவது உள்ளீடொன்றை வேண்டிற்று. மென்பொருளிடம் இருந்தனவோ 20 மட்டுமே. ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களிற் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் வழங்கப்பட்டன. அனுப்பியவர் அறியப்பட்டவரே. எனினும், படிப்படியாகச் சோதித்து அனுப்பாது எங்கணும் ஒருங்கே அனுப்பியமை கேட்டைப் பெருக்கிற்று.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? குறையின்றி இயங்கும் செலுத்தியைப் புதுமை ஒன்றையே கருதி மாற்றவேண்டியதில்லை. பாதுகாப்புக் குறையொன்று திருத்தப்பட்டிருப்பின், அல்லது சாதனம் இயங்க மறுப்பின் மாற்றலாம். அவ்வாறு மாற்றுமிடத்து, சாதனத்தை ஆக்கியவரிடமிருந்தோ பணிசெயல் முறைமையின் வழியாகவோ மட்டுமே அதனைப் பெறுதல் வேண்டும். செலுத்திகளைத் தேடித் தருவதாக விளம்பரப்படுத்தும் இலவச மென்பொருள்களை நம்பி வாயிலைத் திறத்தல் தகாது. சாதனத்தின் மாதிரி இலக்கத்தைச் சரிபார்த்து, ஆவணங்களைப் பிரதிசெய்து, மீட்புப் புள்ளியும் அமைத்தபின், ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் நன்று. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளின் முன்னிரவு இதற்குரிய வேளையன்று.

புதிய துபாஷியை அவையில் அமர்த்துமுன் அவன் யார் அனுப்ப வந்தவன் எனக் கேட்டறிதல் அறிவுடைமை. பழையவனை மீள அழைப்பதற்கு வழியொன்றை வைத்திருத்தல் அதனினும் அறிவுடைமை.