வீரனுக்குள் எத்தனை வீரர்கள்?

யானைக்கு ஒரு நடை, குதிரைக்கு ஒரு நடை என்று வகுத்து ஆடும் சதுரங்கத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். அதன் வழிவந்த ஐரோப்பியப் போர் விளையாட்டுகளுள் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்டது புகழ்பெற்றது. அதில் நடுவர் ஒருவர் அமர்ந்து, பகடையை உருட்டி, தாக்குதலின் பயனைக் கூறுவார். அம்மரபின் கொள்ளுப்பேரன் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து, 1974இல், ஆயிரமே படிகளாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் கற்பனை விளையாட்டே அது. அதனை ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர்.

முன்னைய ஆட்டங்களில் ஆடுபவர் ஒரு படையை நடத்தினார். இதிலோ ஒரே ஒரு மனிதனாக நின்று ஆடுகிறார். ஆகவே 'நான் யார்?' என்ற வினா எழுகிறது. அதற்கு விடையே 'வகுப்பு'. பள்ளி வகுப்பு அன்று. தொழிலையும் ஆற்றலையும் குறிக்கும் இனப்பிரிவு. தொடக்கத்தில் இருந்தவை மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. இம்மூன்றாமவன் பிறந்த கதை சுவையானது. ஆர்னெசனின் ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரம் இரத்தம் குடிக்கும் பேயாக மாறி, எவராலும் அடக்க முடியாதபடி வளர்ந்துவிட்டதாம். அப்பேயை எதிர்க்கவே குருவைப் படைத்தார்கள். தேவை முன்னே வந்தது. விதி பின்னே வந்தது.

மூன்று போதாதென்ற எண்ணம் ஓராண்டிற்குள் தோன்றிவிட்டது. 1975இல் வெளிவந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூல் திருடனைப் புதிய வகுப்பாகச் சேர்த்தது. போர்வீரனின் கிளையாக 'பாலடின்' என்னும் அறவீரனையும் தந்தது. அதே ஆண்டில் துறவியும் கொலையாளியும் வந்தனர். 1976இல் பழங்கெல்டிய மரபின் 'துரூயிட்' பூசாரி வந்தான். இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திய 1978ஆம் ஆண்டு நூலை நான் பெரிதும் மதிக்கிறேன். காரணம் கூறுகிறேன். அந்நூலில் கிளைவகை என்பது கூடுதல் வலிமை மட்டுமன்று, கூடுதல் கடமையும் ஆகும். அறவீரன் பத்துக்கு மேற்பட்ட மந்திரப் பொருள்களை வைத்திருத்தலாகாது; வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடையாக அளிக்க வேண்டும்; அறிந்தே தீச்செயல் புரிந்தால் அப்பதவியை என்றென்றைக்கும் இழப்பான். 'ரேஞ்சர்' என்னும் கானக வீரன் தானும் தன் குதிரையும் சுமக்கும் அளவே உடைமை கொள்ளலாம். துரூயிட்டுகளின் பதின்மூன்றாம் படியில் மூவர்க்கே இடம். பதினான்காம் படியில் ஒருவர்க்கே. மேலேற விரும்புவோன் அவ்விடத்தில் இருப்பவனைப் போரிட்டு வெல்ல வேண்டும். பகடை உருட்டும் இளைஞர், பெருமைக்கு விலை உண்டு என்பதை விதியாகவே கண்டனர்.

1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. கொலையாளியும் துறவியும் முதன்மை நூலிலிருந்து நீக்கப்பட்டனர். ஆனால் அவ்வாண்டிலேயே போர்வீரருக்கென வந்த கையேடு வேறொரு வாயிலைத் திறந்தது. கிளாடியேட்டர், கடற்கொள்ளைக்காரன், சாமுராய், உழவர்குல வீரன் என்று ஒரே வகுப்பிற்குப் பல வார்ப்புகள்! உழவனையும் வீரனாக்கிய அம்மனத்தைப் பாராட்டுகிறேன். எனினும் நாளடைவில் நூல்கள் பெருகின. நன்மைகள் எண்ணிக்கையிலும், தடைகள் வெறும் நடத்தையிலும் எழுதப்பட்டன. நடத்தைத் தடையை நடுவர் மறந்தால் நன்மை மட்டுமே மிஞ்சும். 1992இல் எல்ஃப் இனத்தாருக்கென வந்த நூலின் 'வாள்பாடகன்' இக்குறைக்கு எடுத்துக்காட்டாக ஆட்டக்காரர்களிடையே பேர்பெற்றவன்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, நிபந்தனைகளை நிறைவேற்றியோர் பின்னர் எய்தும் சிறப்பு வகுப்புகளை அமைத்தது. 2014இல் ஒவ்வொரு வகுப்பும் உட்பிரிவுகளைப் பெற்றது. 2024இன் திருத்த நூலில் வகுப்புகள் பன்னிரண்டு, உட்பிரிவுகள் நாற்பத்தெட்டு. நீக்கப்பட்ட கொலையாளி 2014இல் திருடர் குலத்து உட்பிரிவாகத் திரும்பிவிட்டான். அறவீரனுக்கோ அந்நூலில் மூன்று சபதங்கள். அவற்றுள் பழிதீர்க்கும் சபதமும் ஒன்று. 1975ஆம் ஆண்டின் அறவீரன் இதைக் கேட்டிருந்தால் வாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் யோசித்திருப்பான்.