ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் மெட்ராஸ் ஹெரால்டும்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரிக்கப்பட்ட, இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். ஏறத்தாழ 3,14,000 கார்கள் வெளிவந்தன. கெடாமல் காப்பாற்றப்பட்ட ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள். அங்கே இருக்கும் அமைப்பு தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. அறுபதுகளில் நம் சாலைகளில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் செய்யப்பட்டது.

இந்த உறவுக்குக் காரணம் ஒரு வணிகப் போட்டி. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் தன் கார்களுக்கான உடற்கூட்டை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் வாங்கிவந்தது. 1953இல் அந்நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அப்போது மற்றவர்கள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றான ஒரே கூடாகக் கார்களைச் செய்யத் தொடங்கியிருந்தனர். ட்ரையம்ஃபுக்கு அந்த வழி அடைபட்டது. எனவே சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைத் தனியாகச் செய்து, அதன்மேல் உடல் பாகங்களை போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே திரும்பினர். இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலொட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959இல் ஹெரால்டு வந்தது.

வேறு வழியின்றிப் பிறந்த இந்த முறை இரண்டு வகையில் பலன் தந்தது. மேல் உடலை மாற்றினால் வேறொரு கார் கிடைத்துவிடும் என்பது ஒன்று. மிக்கெலொட்டி அப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தார், மாதிரியும் தயாரானது. ஆனால் நிறுவனத்திடம் பணமில்லை. 1961இல் லேலண்ட் நிறுவனம் ட்ரையம்ஃபை வாங்கியபின், தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த அந்த மாதிரியைக் கண்டெடுத்து உற்பத்திக்கு அனுமதித்தனர். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அது ஸ்பிட்ஃபயர் என்ற போர்விமானப் பெயருடன் அறிமுகமானது.

இரண்டாவது பலன் நமக்குக் கிடைத்தது. பாகம் பாகமாகக் கழன்று வரும் கார், பெட்டிகளில் அனுப்பி வேறு நாட்டில் பூட்ட ஏற்றது. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகிலிருந்த ஆலையில் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் பின்னர் இங்கே செய்தனர். ஸ்பிட்ஃபயர் 1147 சி.சி.யில் தொடங்கி 1493 வரை வளர்ந்தது. சென்னைக் கார் மட்டும் 948 சி.சி.யிலேயே நின்றது, உரிமமும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் கோலோச்சிய காலம் அது. நம் மெக்கானிக்குகளுக்குத் தலைவலியாக இருந்த, பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு மட்டும் 1972இல் வந்த கேஸல் காரில் கைவிடப்பட்டது.

விற்பனைக்கு வரும் ஸ்பிட்ஃபயரில் முதலில் சோதிக்க வேண்டியது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பக்கத் தகடுகள். ஹெரால்டில் அவை பெரும்பாலும் அழகுக்கு. கூரையற்ற ஸ்பிட்ஃபயரிலோ காரின் பாரத்தையே தாங்குபவை. அங்கே துரு பிடித்து, மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கதவு இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவர் இத்தகைய காரை வாங்க நினைத்தால், 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளையும் படிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்த கார்களுக்கு ‘விஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவு உண்டு. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். வாங்கவும் விற்கவும் தடையில்லை, போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கண்காட்சி, பழைய கார் பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே சாலையில் ஓட்டலாம். ராஜபாளையத்திலிருந்து பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போக வேண்டுமென்றால் பேருந்துதான்! அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த காருக்கு இந்தப் பதிவு கிடைக்காது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததுதானே என்று பழைய ஹெரால்டின் 948 எஞ்சினை மாட்டிய ஸ்பிட்ஃபயர், ஓடும். ஆனால் அந்த எண் பலகைக்கு உரிமை கோர முடியாது.