ஓட்டுநர் இருக்கையில் ஜோன் கியூனியோ

1905 ஜூலை 11 அன்று நியூயார்க்கிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட மோட்டார் வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. போய்ச்சேர வேண்டிய இடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெண்மலைகளின் நடுவே இருக்கும் பிரெட்டன் வுட்ஸ். போக வர ஏறத்தாழ 870 மைல், பன்னிரண்டு நாள். ஓட்டுநர்களில் ஒருவர் மட்டும் பெண். அவர் பெயர் ஜோன் நியூட்டன் கியூனியோ. ஒயிட் கம்பெனியின் நீராவிக் கார் ஒன்றை ஓட்டினார்.

முதல் நாளே கனெக்டிகட்டின் கிரீன்விச் அருகே ஒரு சிறு பாலத்தில் விபத்து. முன்னால் இருந்த வண்டியின் மேல் மோதிவிடாமல் தவிர்க்கப் போய், கியூனியோவின் கார் பாலத்திலிருந்து ஓடைக்குள் கவிழ்ந்தது. பெரிய காயம் யாருக்கும் இல்லை. காரைத் தூக்கி நிறுத்தினார்கள், சரிசெய்தார்கள், அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து ஓட்டினார். இந்த விபத்து இல்லாமல் அவரைப் பற்றிய குறிப்பு எதையும் நான் படித்ததில்லை. அவர் பிறகு என்ன செய்தார் என்பதற்கு அதே அளவு இடம் கிடைப்பதில்லை. ‘பள்ளத்தில் விழுந்த பெண் டிரைவர்’ என்பது சொல்ல வசதியான கதை. நம் ஊர் டீக்கடையிலும் அது இன்றுவரை ஓடுகிறது.

இந்தப் பயணங்களுக்கு ‘கிளிடன் டூர்’ என்று பெயர். தொலைபேசித் தொழிலில் பணம் சேர்த்த சார்லஸ் கிளிடன் என்பவர் கோப்பை கொடுத்தார், அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் நடத்தியது. ஓட்டப் பந்தயம் அல்ல. மோட்டார் கார் என்பது நம்பிப் பயணம் போகக்கூடிய பொருள்தான் என்று குதிரை வண்டிக்காரர்களின் நாட்டுக்குக் காட்டுவதே நோக்கம். முதல் ஆண்டு கோப்பையை வாங்கியவர் பெர்சி பியர்ஸ். அவர் ஓட்டிய பியர்ஸ் காரைத் தயாரித்தவர் அவருடைய அப்பா. விளம்பரமும் விளையாட்டும் எங்கே பிரிகின்றன என்று கேட்பது வீண்.

பாதையைக் கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள். தார் கிடையாது. முன் கண்ணாடி கிடையாது. முன்னே போகும் வண்டியின் புழுதி முழுவதும் பின்னால் வருபவர் முகத்தில். அதனால்தான் அந்தக் காலப் படங்களில் பெண்கள் நீள அங்கியும் தொப்பியைச் சுற்றி முகத்திரையுமாக இருக்கிறார்கள். இன்று பார்க்க அலங்காரம்போல் இருப்பது அன்று வேலைக்கான உடை. டயர் அடிக்கடி பஞ்சராகும். சாலையோரம் உட்கார்ந்து ஒட்டி, கையால் காற்றடிக்க வேண்டும். நீராவிக் காருக்கு வழியில் தண்ணீரும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பக்கத்து மலைச்சாலைகளில் மழைநீரைத் திருப்பிவிடக் குறுக்கே மண்மேடு போட்டிருப்பார்கள். ஏற்றத்தில் குதிரை அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும். வண்டி அதில் ஏறி இறங்கும்போது உட்கார்ந்திருப்பவரின் தலை யாரோ ஓர் அம்மையாருக்கு நன்றி சொல்வதுபோலக் குனிந்து நிமிரும். அதனால் அந்த மேட்டுக்கே ‘தேங்க் யூ மேம்’ என்று பெயர். வழியெங்கும் மேம்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு போன அந்த வரிசையில் ஸ்டியரிங் பிடித்திருந்த மேம் ஒருவர்தான்.

மலைக்குக் காரில் போன முதல் பெண் அவர் அல்ல. வெண்மலைகளில் உயரமான வாஷிங்டன் சிகரம் 6,288 அடி. அதன் உச்சிக்கு 1861லேயே குதிரை வண்டிச் சாலை போட்டுவிட்டார்கள். 1869இல் ஊட்டிக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான மாதிரிப் பல்சக்கர ரயிலும் வந்தது. 1899 ஆகஸ்ட் 31 அன்று அந்தச் சாலையில் முதன்முதலாக ஒரு மோட்டார் கார் ஏறியது. உள்ளே இருந்தவர்கள் ஃபிரீலன் ஸ்டான்லியும் அவர் மனைவி ஃபுளோராவும். இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. வரலாறு அதை ‘ஸ்டான்லி ஏறினார்’ என்று ஒருமையில் எழுதுகிறது. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிவைத்தவர் ஃபுளோரா. கிளிடன் உலகம் சுற்றியபோதும் பக்கத்து இருக்கையில் அவர் மனைவி லூசி இருந்தார். சாகசத்தில் பெண் உடன் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை, பக்கத்து இருக்கையில் இருக்கும்வரை.

பிரெட்டன் வுட்ஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது 1944இல் அங்கே மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டலில் நடந்த பன்னாட்டு நிதி மாநாடு. கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இந்தியத் தூதுக்குழுவில் போயிருந்தார். 1905இல், கார்கள் வந்து சேர்ந்தபோது, ஹோட்டல் திறந்து மூன்று ஆண்டுதான். அதைக் கட்டிய ஜோசப் ஸ்டிக்னி 1903இல் இறந்துபோக, அது அவர் மனைவி கேரலைன் கைக்கு வந்திருந்தது. ஒரு பெண் ஓட்டிவந்த காரும் ஒரு பெண்ணுக்குச் சொந்தமான விடுதியும் என்று இதை உற்சாகமாக எழுதிவிடலாம். எனக்குத் தயக்கம் இருக்கிறது. கியூனியோ மாசச்சூசெட்ஸின் ஹோலியோக் ஊரில் வசதியான வீட்டில் பிறந்தவர். கணவர் நியூயார்க்கில் வங்கி நடத்தியவர். பக்கத்தில் லூயி டிஸ்பிரோ என்ற மெக்கானிக் இருந்தார். பின்னாளில் அவரே பெயர்பெற்ற பந்தய ஓட்டுநரானார். அந்த ஹோட்டலில் கட்டில் விரித்த, துணி துவைத்த பெண்களுக்கு மலை என்பது காட்சி அல்ல, வேலையிடம். அந்தச் சிகரத்துக்கு அபெனாக்கி பழங்குடி மக்கள் வைத்திருந்த பெயரை எடுத்துவிட்டு ஒரு ஜனாதிபதியின் பெயரை ஒட்டியதையும் மறந்துவிடக் கூடாது. விடுதலையின் முதல் தவணை பணக்காரப் பெண்களுக்குப் போனது. ஆனாலும் அந்தத் தவணையையே திரும்பப் பிடுங்கிக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

கியூனியோ 1907 பயணத்திலும் ஓட்டினார். 1908இல் பஃபலோவில் தொடங்கி, அலெகெனி மலைகளைக் கடந்து, சாரடோகாவில் முடிந்த பயணத்தில் ரெய்னியர் காரில் ஒரு புள்ளிகூட இழக்காமல் முடித்தார். பிறகு பந்தயத் தடத்துக்கு வந்தார். 1909 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா விழாவையொட்டி நடந்த பந்தயங்களில் நாக்ஸ் கார் ஓட்டி, பெயர்பெற்ற ஆண் ஓட்டுநர்கள் பலரைத் தோற்கடித்தார். ஐம்பது மைல் பந்தயத்தில் அவருக்கு முன்னால் வந்தவர் ரால்ஃப் டி பால்மா ஒருவர்தான். அதன்பின் வெகுநாள் ஆகவில்லை, அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் பெண்கள் கலந்துகொள்வதைத் தடைசெய்தது.

ஓடைக்குள் கவிழ்ந்த 1905இல் தடை வரவில்லை. அன்று அவரை ஒதுக்க நல்ல சாக்கு இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. ஏனென்றால் அன்று அவர் அந்தப் பயணத்துக்கு உபயோகமாக இருந்தார்: ஒரு பெண்ணே ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார் என்றால் கார் எவ்வளவு எளிது பாருங்கள்! அவர் திறமை காரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பந்தயத் தடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஜெயிப்பது ஓட்டுபவர்.

தடை வந்த அதே 1909 கோடையில் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், காரோட்டத் தெரியாத மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு 59 நாளில் மேக்ஸ்வெல் கார் ஓட்டிப் போனார். ஏறத்தாழ 3,800 மைல். ராக்கி மலைகளையும் சியெரா நெவாடாவையும் கடந்த மகத்தான பயணம். செலவு செய்தது கார் கம்பெனி. போட்டியாளராக வர முடியாத பெண் விளம்பரமாக வரலாம் என்பது எவ்வளவு பழைய ஏற்பாடு!

1913இல் நின்றுபோன கிளிடன் பயணத்தை 1946இல் பழங்கார் ஆர்வலர்கள் மீண்டும் தொடங்கினார்கள். 1905இல் கியூனியோவோடு ஓட்டிய அகஸ்டஸ் போஸ்ட் என்பவர்தான் அதற்குத் தூண்டுகோல். இன்றும் அது நடக்கிறது. 1942 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட கார்கள் வரிசையாக மலைச்சாலைகளில் போகின்றன. இப்படியான பழங்கார் வரிசை ஒன்றை நானும் ஒருமுறை மலைச்சாலை ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். பித்தளை விளக்கு, மரச் சக்கரம், ரப்பர் ஹாரன், எல்லாம் துல்லியம். காரின் ஆண்டு, சிலிண்டர் எண்ணிக்கை, எந்தத் திருகு அசல், எது மாற்று என்று சொந்தக்காரர்கள் சலிக்காமல் சொன்னார்கள். மனைவிமார் பழைய பாணி உடையில், முகத்திரையோடு, பக்கத்து இருக்கையில். அந்த முகத்திரை எதற்கு என்று ஒருவரிடம் கேட்டேன். போட்டோவுக்கு என்றார். நீங்கள் ஓட்டுவதில்லையா என்றதற்கு, இது அவருடைய கார் என்று சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார், வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கார்களைப் பாதுகாப்பவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. 1908ஆம் ஆண்டுக் கார் இன்று மலையேறுகிறது என்றால் அதன்பின் எத்தனை பேருடைய கை இருக்கும்! ஆனால் இந்த ஆவணப்படுத்தலில் உலோகத்துக்குக் கிடைக்கும் பொறுமை மனிதருக்குக் கிடைப்பதில்லை. எந்தக் கார் என்று கேட்கிறார்கள், யார் ஓட்டியது என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் கியூனியோவின் பெயர் அந்த மலைச்சாலைகளில் எப்போதோ திரும்பி வந்திருக்கும்.

தடைக்குப் பிறகு அவர் கண்காட்சி ஓட்டங்களில் சிலகாலம் தோன்றினார். பிறகு திருமணம் முறிந்தது. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், பந்தயத் தடங்களுக்கு வெகு தொலைவில், ஆன்டனாகன் என்ற சிற்றூரில் மறுமணம் செய்து வாழ்ந்து, 1934இல் இறந்தார். அவர் ஓட்டிய பயணம் திரும்பத் தொடங்க அப்போது இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருந்தது.