மோட்டார் சைக்கிளும் மக்கள் வாழ்வும்

ஒரு நாட்டின் பண்பாட்டை அறிய விரும்புவோர் அந்நாட்டின் கோயில்களையும் சிற்பங்களையும் இலக்கியங்களையும் ஆராய்வது வழக்கம். அந்நாட்டு மக்கள் நாள்தோறும் ஏறிச் செல்லும் வண்டியும் அத்தகையதொரு சான்றே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. போரிலே தோல்வி கண்ட மூன்று நாடுகளில், முன்பு விமானத் தொழிலுக்கு உழைத்த கைகளே பின்னர் மோட்டார் சைக்கிளை ஆக்க முற்பட்டன. ஆயினும், அவை ஆக்கிய வண்டிகள் மூன்றும் மூன்று விதமாயின.

முதலாவது ஜேர்மனி. 1919ஆம் ஆண்டின் வேர்சேய் உடன்படிக்கை அந்நாட்டில் விமான எஞ்சின் செய்வதைத் தடுத்தது. மியூனிச் நகரத்துப் பி. எம். டபிள்யூ. நிறுவனத்தில் விமான எஞ்சின்களை வகுத்த மக்ஸ் ஃபிறிட்ஸ் என்பவர், 1923இல் ஆர் 32 என்னும் மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். அதன் எஞ்சினில் இரண்டு உருளைகள் இரு மருங்கிலும் காற்றை நோக்கி நீண்டிருந்தன. பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாக உருக்குத் தண்டு அமைந்தது. நெடுவழியிலும் பழுதின்றி ஓடவேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம்.

அடுத்தது இத்தாலி. இரண்டாம் உலகப் போரிலே பொந்தெதேரா நகரிலிருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுகளால் அழிந்தது. மக்களிடம் பணமில்லை, வீதிகளும் சிதைந்து கிடந்தன. ஹெலிகொப்ரர் அமைப்பதிற் பெயர்பெற்ற கொரதீனோ தஸ்கானியோவிடம் புதியதொரு வண்டியை ஆக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவரோ மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். அந்த விருப்பமின்மையே நன்மையாயிற்று. எண்ணெய் உடையிற் படாதபடி எஞ்சினை மூடினார். பாவாடை அணிந்த பெண்ணும் எளிதில் ஏறுமாறு நடுவே வழிவிட்டார். விமானச் சக்கரம் போல முன்சக்கரத்தை ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கச் செய்தார். 1946இல் வெளிவந்த அவ்வண்டிக்கு வெஸ்பா, அதாவது குளவி, என்று பெயர்.

மூன்றாவது யப்பான். போர்க்காலத்தில் விமான உறுப்புகள் செய்த சொயிசிரோ ஹொண்டா, 1946இல் படையினர் கைவிட்ட சிறு எஞ்சின்களைத் துவிச்சக்கர வண்டிகளிற் பொருத்தி விற்றார். 1958இல் அவரது நிறுவனம் சூப்பர் கப் என்னும் வண்டியை வெளியிட்டது. சோபா என்னும் இழையுணவை வீடுவீடாகக் கொண்டு செல்லும் பையன் ஒரு கையில் தட்டுக்களைத் தாங்கி, மறு கையால் வண்டியைச் செலுத்த வேண்டும் என்பது ஹொண்டாவின் கருத்து. ஆதலால் கைக் கிளச் நீக்கப்பட்டது. 2017இல் அவ்வண்டிகளின் தொகை பத்துக் கோடியை எட்டியது.

இவற்றைக் கண்டு, திட்பம் ஜேர்மானியரின் பிறவிக்குணம், எழில் இத்தாலியரின் பிறவிக்குணம், சிக்கனம் யப்பானியரின் பிறவிக்குணம் என்று கூறுவாருமுளர். அது பொருந்தாது. அதே ஜேர்மனியில் 1953இல் தோன்றிய குவிக்லி என்னும் எளிய சிறு வண்டி பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அதே ஹொண்டா 1969இல் நான்கு உருளைகள் கொண்ட பெருவண்டியை உலகுக்கு அளித்தது. தேவை மாறியபோது வண்டியும் மாறிற்று.

ஆகவே, வண்டியின் வடிவைத் தீர்மானிப்பது குருதியன்று. யார் அதில் ஏறுவார், எவ்வழியிற் செல்வார், கையில் எதைச் சுமப்பார் என்று அறிந்து இரங்கும் உள்ளமே அதனைத் தீர்மானிக்கிறது. அந்த அறிவும் இரக்கமுமே பண்பாடு எனப்படும்.